மச்சாள் வெட்டிய சிலிண்டர்

இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு துண்டு. பெருவிரல் அளவு இருக்கும். ஒரு பக்கம் வளைந்து, பிள்ளை கடித்துத் துப்பிய டொஃபி போலக் கிடந்தது. மச்சாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் பந்தய மோட்டார் சைக்கிளின் இன்ஜினிலிருந்து எரிந்த புகை வெளியேறும் துவாரத்துக்குள் மெழுகை அமுக்கி, இறுகியதும் உருவி எடுத்த அச்சு அது. "உன்ர இன்ஜினுக்கு ஒரு பக்கம் பல்முரசு வீங்கியிருக்கு மச்சான்," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் முதலில் எரிச்சல்தான் வரும். வியப்பு பிறகுதான் வரும். அவள் விஷயத்தில் வந்த வியப்பு இன்னும் போகவில்லை.

மச்சாள் என் மாமாவின் மகள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பொய்ப்பல் செய்யும் இடத்தில் வேலை. வீடு கொட்டாஞ்சேனையில், மாடி. கீழே மாமா பழைய தளபாடங்களைப் போட்டு வைத்திருந்த கொட்டிலில்தான் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். மச்சாள் ஒரு நாளும் மோட்டார் சைக்கிள் ஓட்டியதில்லை. பின்னால் ஏறச் சொன்னாலும் பஸ்ஸில் வருகிறேன் என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் கொட்டிலுக்குள் வந்து, கழற்றி வைத்திருந்த சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிவிட்டு, "இதை எந்த மாடு கடிச்சது?" என்று கேட்டாள். நான் நம்பியிருந்த மெக்கானிக் வட்ட அரத்தால் ராவிக் கொடுத்த சிலிண்டர் அது. அவன் கேட்டிருந்தால் செத்திருப்பான். அடுத்த சனிக்கிழமை பல் ராவும் சின்ன மெஷினோடு வந்து உட்கார்ந்தாள்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு வால்வு கிடையாது. சிலிண்டரின் சுவரில் துவாரங்கள் இருக்கும். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்தான் அவற்றைத் திறப்பதும் மூடுவதும். புகை போகும் துவாரத்தின் மேல்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தி வெட்டினால் வேகமாகச் சுற்றும்போது இன்ஜின் பேய் மாதிரிப் பறக்கும். மெதுவாகச் சுற்றும்போது செத்த பிணம். விளிம்பு தாழ்வாக இருந்தால் அடியிலிருந்தே இழுக்கும். ஆனால் நீண்ட நேர்ப்பாதையில் மூச்சு வாங்கும். மணல் பாதைக்கு ஒன்று, களிமண் ஏற்றத்துக்கு இன்னொன்று. வெட்டிய இரும்பு திரும்ப வராது. இந்த ஒரு விஷயத்தை மதிக்காமல் எத்தனை பேர் எத்தனை சிலிண்டர்களைக் குப்பையாக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் ஆம்பிளைகள். எல்லாரும் வாய் கிழியக் கதைப்பவர்கள்.

மச்சாளும் பிழை விட்டாள். வெட்டினால் திரும்ப வராது என்று பயந்து, ஒரு துவாரத்தைச் சுருக்கினால் எப்படி இருக்கும் என்று முதலில் பரீட்சித்துப் பார்க்க நினைத்தாள். அதற்காகப் பல்செட்டுக்கு முரசு செய்யும் பசையை உள்ளே அப்பி, இறுகவிட்டு, அழகாக ராவினாள். கொழும்பிலே வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திராது. வீட்டு ஒழுங்கையில் வைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணினேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பெற்றோல் அதை ஊற வைத்துவிட்டது. புகைக் குழாயிலிருந்து இளஞ்சிவப்புத் துணுக்குகள் பறந்து முன்வீட்டு அங்கிள் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தில் ஒட்டின. "என்ன பிள்ளை, உங்கட இன்ஜின் பல்லைத் துப்புது!" என்று அவர் கத்தினார். மச்சாள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பிஸ்டன் போய்விட்டதா என்று பார்க்க ஓடினேன். போகவில்லை.

அந்த வருஷம் நான் ஓட்டிய மோட்டார் சைக்கிள் என்னுடையது அல்ல. டயர் வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவருடையது. பந்தயப் பைத்தியம் அவருக்கு. மலைநாட்டில் நடக்கும் கடைசி ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருஷமும் வண்டி என் கையில் இருக்கும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு ஓட்டத்தை விட்டால் வேறு ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. பகலில் துணிக்கடைக்குச் சாமான் ஏற்றும் வான் ஓட்டுவேன். அது வேலை. வாழ்ந்தது வேறு இடத்தில்.

அந்த மலைப் பாதையை எனக்குத் தெரியும். முந்தின வருஷம் அங்கேதான் விழுந்தேன். இடப்பக்கத் திருப்பம் ஒன்று. அது முடியும் இடத்திலேயே செங்களி ஏற்றம் தொடங்கும். திருப்பத்துக்குள் இன்ஜின் திடீரென்று பாய்ந்து, பின்சக்கரம் வழுக்கி, தோள் எலும்பு முறிந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மச்சாள்தான் தினமும் வேலை முடிந்து சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் அங்கேயே பயிற்சிக்குப் போனோம். வாசலில் நின்ற ஒருவன் மச்சாளைப் பார்த்து, "நங்கி, பலன்ன ஆவ அய அர பெத்தட," என்றான் சிங்களத்தில். தங்கச்சி, பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கமாம். என் வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். "அவர் சொல்றது சரிதானே, நான் பாக்கத்தான் வந்தனான்," என்றுவிட்டு வேலிப் பக்கம் போனாள். நான் எத்தனை சுற்றுச் சுற்றினேனோ, அத்தனைக்கும் அவள் ஒரே இடத்தில் நின்றாள். அந்த இடப்பக்கத் திருப்பத்தில்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும் வேலையைத் தொடங்கினாள். முந்தின ஓட்டங்களின் மணல் பாதைக்காக ஏற்கெனவே துவாரத்தை உயர்த்தி வெட்டியாகிவிட்டது. இனி அதைத் தாழ்த்த இரும்புக்கு எங்கே போவது? அவள் அந்தத் துவாரத்தைத் தொடவேயில்லை. சிலிண்டருக்கு அடியில் இருந்த தடித்த காஸ்கெட் தகட்டை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டாள். சிலிண்டர் முழுவதும் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. துவாரமும் அதோடு இறங்கியது. பிஸ்டன் மேலே முட்டாதபடி சிலிண்டர் தலையின் உட்புறத்தைக் கடைந்தாள். புகைக் குழாயை அறுத்து, நடுவில் ஒரு வளையம் வைத்து ஒட்டுவித்து நீளமாக்கினாள். இன்ஜின் திடீரென்று பாயாமல் இருக்கச் சுழல் சக்கரத்தில் ஒரு பாரமான வளையத்தை ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டியை உதைக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பாள். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

"மூண்டாம் கியரிலயே ஏறு. கிளச்சைத் தொடாத," என்றாள். "மேல போனதுக்குப் பிறகு நேர்ப்பாதையில உனக்கு அடி விழும். அதுக்கு நான் பொறுப்பில்லை."

ஓட்டத்தன்று முதல் சுற்றில் அந்தத் திருப்பத்துக்குள் போனபோது என் முதுகு வியர்த்தது. இன்ஜின் பாயவில்லை. கீழேயிருந்து யாரோ தோளைக் கொடுத்துத் தூக்குவது போல, அமைதியாக, விடாமல் இழுத்தது. எனக்கு முன்னால் போனவர்கள் செங்களியில் சக்கரம் சுற்றச் சுற்ற உழுதுகொண்டு நின்றார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தால் ஏறிப் போனேன். ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான். இப்படி ஒரு இன்ஜினில் நான் அதற்கு முன் இருந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண்ணீர் வந்தது. கடைசிச் சுற்றில் மூன்றாவதாக ஏற்றத்தை முடித்தேன். மிச்சம் இருந்தது நேர்ப்பாதை மட்டும். முறுக்கினேன். இன்ஜினிடம் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான்.

நான்காம் இடம்.

ஹாஜியார் வந்தார். "கோவிச்சுக்க வாணாம் மகன். பேச்சு பேச்சுதான். வண்டிய நான் எடுக்கப் போறன்," என்றார். சொல்லிவிட்டும் அவர் போகாமல் நின்றார். "ஆனா அந்த ஏத்தத்தில உங்கட வண்டி மட்டும் நடந்து போற மாதிரிப் போச்சே. யாரு இத வெட்டின?" வானின் படியில் உட்கார்ந்து மீன் வைத்த மாலு பாண் தின்றுகொண்டிருந்த மச்சாளைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நேரே அவளிடம் போய், அடுத்த வருஷம் தன் வண்டிகளை எல்லாம் அவள்தான் வெட்ட வேண்டும் என்றார்.

மச்சாள் வாயில் இருந்ததை விழுங்கினாள். "ஆர் ஓட்டுறது?" என்று கேட்டாள்.

"அது பொறகு பாப்பம். நீங்க டிராக்குக்கு ஏத்த மாதிரி வெட்டித் தாங்க."

"ஏலாது ஹாஜியார். ஓட்டுறவர் ஓடுறதைப் பாக்காம நான் கை வைக்க மாட்டன்."

திரும்பி வரும் வழியில் வானுக்குள் கத்தினேன். நேர்ப்பாதைக்கும் கொஞ்சம் பலம் வைத்திருக்கலாமே, என் வண்டி போய்விட்டதே என்று கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"வைச்சிருக்கலாம். வைச்சிருந்தா அது அந்தத் திருப்பத்தில பாயும். நீ அதில அக்ஸிலரேட்டரை மூடுறாய் மச்சான். ஒவ்வொரு முறையும் மூடுறாய், உனக்கே தெரியாது. மூடித் திறக்கேக்க அது பாய்ஞ்சா நீ விழுவாய். அதுதான், நீ மூடுற இடத்திலயிருந்தே இழுக்கிற மாதிரி வைச்சனான். களுபோவிலைக்குத் திரும்பவும் சோறு காவ என்னால ஏலாது."

விழுந்த இடத்தில் என் கை தானாக மூடுகிறது என்று என் தோளைத் தைத்த டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. வேலிக்கு அப்பால் நின்ற இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வாயால் சொல்லியிருந்தால் நான் சண்டைதான் பிடித்திருப்பேன். அவள் அதை இரும்பிலே சொன்னாள்.

நான் இப்போது பந்தயம் ஓடுவதில்லை. வான்தான் ஓட்டுகிறேன். ஹாஜியார் கடைசியில் அவள் வழிக்கு வந்தார். அவருடைய வண்டிகளை இன்றுவரை மச்சாள்தான் வெட்டுகிறாள். சனிக்கிழமை கொட்டில், மற்ற நாட்களில் வெள்ளவத்தையில் பல். ஓட்டம் இருக்கும் நாட்களில் நான்தான் அவளைக் கூட்டிப் போவேன். வாசலில் இப்போது அவளை யாரும் அந்தப் பக்கம் போகச் சொல்வதில்லை. நான் வேலியோரம் நின்று கேட்பேன். அன்றைக்குக் கேட்காத வித்தியாசம் இப்போது கேட்கிறது. ஒரே பாதை, ஒரே இன்ஜின், ஆனால் ஹாஜியாருக்கு ஓடும் ஒவ்வொரு பொடியனுக்கும் இழுவை வேறு வேறு இடத்தில் தொடங்கும். ஒருவனுக்குத் திருப்பத்துக்கு முன்னால். ஒருவனுக்குப் பாய்ந்து நிலத்தைத் தொட்ட பிறகு. அந்த இடத்தில் சத்தம் தடித்து எழும்பும்போது, இவன் இங்கேதான் பயப்படுகிறான் என்று எனக்கு விளங்கிவிடும். அவனுக்கு மட்டும் அது தெரியாது. தான் பெரிய துணிச்சல்காரன் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிப் போகிறான்.