குப்பம்மா மாற்றி வந்த கம்பளி

ஆட்டு ரோமத்திலேயே கை ஊறிப்போன குப்பம்மா கம்பளிக் கடையில் எப்படி ஏமாந்தாள்? புளியந்தோப்பில் எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கேட்ட கேள்வி. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. வெகுநாள் கழித்துக் குப்பம்மாவே சொன்னாள்.

1927ஆம் வருஷத்து மார்கழி. அவள் புருஷன் மண்ணாங்கட்டி துறைமுகத்தில் கரி மூட்டை தூக்குகிறவன். பிள்ளை இல்லையென்று வேம்பு என்ற பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான். வேம்பு இப்போது நிறைமாதம். ஓலைக் குடிசைக்குள் பனி இறங்கிற்று. தாய்க்கும் பிள்ளைக்கும் நல்ல கம்பளி வேண்டுமென்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

"நீயே போயி வாங்கினு வாமே. ஆட்டு மயிரப் பத்தி உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் மண்ணாங்கட்டி.

அந்த வீட்டில் குப்பம்மாவுக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான். தோல் கிடங்கில் அவளுக்கு வேலை. அறுத்த ஆட்டின் தோலுக்குச் சுண்ணாம்பு பூசி ரோமத்தைப் பிடுங்க வேண்டும். அந்த ரோமத்தில் நெய்த கம்பளி பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். தேய்த்தால் தூளாகக் கொட்டும், மூக்கில் ஏறி இருமலைக் கொடுக்கும். உயிரோடிருக்கும் ஆட்டில் கத்தரித்த ரோமமோ எண்ணெய்ப் பசை போகாமல், கசக்கி விட்டால் துள்ளி விரியும்.

யானைக்கவுனிக் கம்பளிக் கடையில் ஹபீபுல்லா பாய் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் விரித்துப் போட்டார். குப்பம்மா கறுப்பைக் கசக்கிப் பார்த்தாள். நல்ல சரக்கு. வெள்ளையைத் தேய்த்தாள், தூள் கொட்டிற்று. கறுப்பை எடுக்கப் போன கை நின்றது. இத்தனை மார்கழியில் எனக்கென்று ஒரு துண்டு கம்பளி வாங்கத் தோன்றாத மனுஷன், வேம்புக்கு என்றதும் துடிக்கிறானே என்று நெஞ்சு எரிந்தது.

"வெள்ளையக் கட்டு பாய்."

பாய் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். கட்டிக் கொடுத்தார்.

வேம்பு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சோக்கா கீதுக்கா. ஆனா உன் மேல அடிக்கிற வாசனையே அடிக்குது."

"அத்த மோந்துகினுதான் பத்து வருசம் படுத்தேன். இனிமே நீ மோந்துகினு படு" என்று மண்ணாங்கட்டி சிரித்தான். வேம்பும் சிரித்தாள்.

நன்றாக வேண்டும் இவளுக்கு என்று குப்பம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேம்பு இழுத்துப் போர்த்திப் படுத்த சற்றைக்கெல்லாம் இருமல் வந்தது. தொண்டையில் நூல் சிக்கியது போல வறட்டு இருமல். கிடங்குப் பெண்கள் இருமுகிற இருமல், குப்பம்மா தினமும் இருமுகிற இருமல். வேம்பு இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருமினாள்.

குப்பம்மா எழுந்து போய்க் கம்பளியை உருவினாள்.

"இன்னாமே?" என்றான் மண்ணாங்கட்டி.

உண்மையைச் சொன்னால் தொலைந்தாள். "சுண்ணாம்பு மயிரு. சரியா பாக்காம ஏமாந்துட்டேன்."

"அய்ய, ஊருக்கே மயிரு பாத்துச் சொல்ற கையி இதானா?"

மறுநாள் கடையில் பாய் கறுப்பை எடுத்து நீட்டியபடியே, "நீ ஏமாறுற ஆளாம்மா?" என்றார்.

"மாத்திக் குடு பாய். பேச்சு வாணாம்."

கறுப்புக் கம்பளியை வேம்பின் காலடியில் போட்டாள். அப்போதும் வேம்பைப் பிடிக்கவில்லை. பிள்ளை பிறந்து அதற்குள் சுருண்டு தூங்கியதைப் பார்த்தபோதும் வயிறு எரியத்தான் செய்தது.

மண்ணாங்கட்டி துறைமுகத்தில் சொல்ல, தெருவெல்லாம் பரவியது. கருவாடு வாங்கினால்கூட, "பாத்து வாங்குக்கா, வெள்ளையா இருந்தா வுட்டுடு" என்றார்கள். அவள் வாய் திறக்கவில்லை.

இப்போது அவள் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். குப்பம்மா பொறாமைப்பட்டாள், அது நிஜம். கம்பளியில் ஏமாறவில்லை.