அத்தானின் ஊதா வெங்காயப் பூக்கள்

அக்காவின் கணவர் என்பதால் அத்தான் என்கிறேன். மற்றபடி அந்த மனிதரை மதிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. அலுவலக மேற்பார்வையாளராக இருந்தவரை அடுத்தவர் மேசை கோணலாக இருக்கிறதென்று குறை சொல்லியே காலம் தள்ளினார். ஓய்வு பெற்றதும் அந்தத் தொல்லை தோட்டத்துக்கு மாறியது.

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பாத்தியில்தான் நாள் முழுக்க வெயில் விழும். அக்கா அதில் தக்காளி போட்டிருந்தாள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அத்தான் அலங்கார வெங்காயம் நட்டார். சமையலுக்கு ஆகாது, நீளத் தண்டின் உச்சியில் பந்து போல ஊதாப் பூ வரும், அவ்வளவுதான். முதல் கோடையில் பூத்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

பூ விரியும்போதே அந்தச் செடிக்கு இலை பழுக்கும். தானாகக் காயவிட்டால்தான் அடுத்த பூவுக்குக் கிழங்கில் சத்து சேரும். கிழங்கு வந்த பையிலேயே அச்சடித்திருந்தது.

"காயட்டும், விட்டுடுங்க," என்றாள் அக்கா.

"பாக்க அசிங்கமா இருக்கு. உனக்கு என்ன தெரியும்?" என்றவர், கத்தரிக்கோலோடு உட்கார்ந்து இலையையெல்லாம் ஒட்ட வெட்டினார்.

"அடுத்த கோடையில பூக்கலைன்னா இந்த இடம் எனக்கு."

"தாராளமா எடுத்துக்கோ."

அடுத்த கோடையில் நாலு சோனி இலைதான் வந்தது. சமையலறை ஜன்னலில் அக்காவின் தக்காளி நாற்று இடம் போதாமல் வளையத் தொடங்கியது. கேட்கும்போதெல்லாம், "பொறு, பூக்கும்," என்றார்.

ஒரு நாள் காலையில் பாத்தி முழுக்க ஊதாப் பூ! கொட்டகையில் கிடந்த போன கோடையின் காய்ந்த பூக்களுக்குச் சாயம் பூசி, குச்சியில் கட்டிச் செருகியிருந்தார். விரலெல்லாம் ஊதா. "பூத்துடுச்சு. இடம் எனக்குத்தான்," என்றார் வாய் கூசாமல். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றதும் தண்ணீர் வேறு ஊற்றிக் காட்டினார். சாயம் கரைந்து மண்ணில் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அக்கா சண்டை போடவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு ஜாடியில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க பூ பத்திரமா இருக்கு. நான் நாத்து நடப் போறேன்."

அவருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்வாரென்று காத்திருந்தேன். அத்தான் ஜாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இங்க வேணாம். வாசல் பக்கத்து ஜன்னல்ல வை. போறவங்க வர்றவங்க பாக்கட்டும்," என்றார்.