ஜாஸ்தி, கம்மி, சுமார்

வெள்ளிமலையில் எங்கள் சாமை உலர்த்தும் மிஷினைச் சரிபார்க்க வந்த பொறியாளர் அம்மாவுக்கு நரைத்த குட்டை முடி. 'ஈரம் ஜாஸ்தி, சூடு சுமார் என்றால் ஹீட்டரைக் கூட்டு' என்பதுபோல் அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்குள் ஏகப்பட்ட விதிகள். ஒரே வேலையைச் சொன்னவற்றை ஒன்றாக்கினார். வேலையே செய்யாதவற்றை அழித்தார். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பார்.

'ஈரம் கம்மி, சூடு ரொம்ப ஜாஸ்தி என்றால் எல்லாவற்றையும் நிறுத்து' என்று படித்தவர், அதை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டார்.

"இதுவும் ஒரு வாட்டிகூட வேலை செய்யலீங்களே மேடம். இன்னாத்துக்கு வச்சிக்கினு?" என்றேன்.

"இதுக்கு வேலை வர்ற அன்னிக்கு நீங்க சாப்பிடப் போயிருப்பீங்க" என்றார், திரும்பாமலே.

போன தையில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், ஃபேன் பழுதாகி மிஷின் தானாக நின்றிருந்தது. சாமை தொட்டால் கொதித்தது, ஆனால் கருகவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லையே என்றிருந்தது.