கையில் கட்டிப் பார்த்த நீலக்கல்

ஒருவர் தன் விரலில் கிடந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றி விற்கிறார் என்றால், அது கஷ்டத்துக்காகவா, இல்லை, கல் கெடுதல் செய்தது என்பதற்காகவா? விற்றவர் சொல்லமாட்டார். வாங்கி வைத்திருக்கும் நகைப் பத்தர் தெரிந்தாலும் சொல்லமாட்டார். மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடு எழுந்து இந்தக் கேள்வியோடு படுக்கிறேன்.

என் கணவர் மலாயாவில், லுக்குட்டு ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. எங்களுக்கு ஒன்பது மாதப் பெண் குழந்தை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்த பிறகு எங்கள் வீட்டையும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் சேர்த்து முள்வேலி போட்டிருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அவர் லாரியில் ஏறித் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ரப்பர் பால் நிறுக்கப் போவார். பாதையில் ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் காடு. லாரி திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, களைந்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் ஊரிலிருந்து மாமியார் கடிதம் எழுதினார். மகனுக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதாம். நீலக்கல் மோதிரம் போடவேண்டும், ஆனால் நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூன்று நாள் கையில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று எழுதியிருந்தார். கூடவே ஜாதகக் கட்டத்தையும் ஒரு துண்டுத் தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். "நீ படித்த பெண், பார்த்துச் செய்வாய்" என்று கடைசி வரி. அந்த வரிதான் என்னை ஆட்டி வைத்தது. படித்தவள் இதை நம்பலாமா என்று ஒரு மனம் கேட்கும். படித்தவள் அலட்சியமாக இருந்துவிட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால் என்ன பதில் சொல்வாய் என்று இன்னொரு மனம் கேட்கும்.

அவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"சனி உள்ள வரணும்னா கேட்டுல ஐடென்டிட்டி கார்டு காட்டணும்லா. அவ்வளவு லேசா விட்டுடுவாங்களா?"

"விளையாடாதீங்க. அத்தை இவ்வளவு தூரம் எழுதியிருக்காங்க."

"சரி, உன் இஷ்டம். ஆனா புதுக் கல்லு வாங்குற வசதி நமக்கு இல்ல, சொல்லிட்டேன்."

அது எனக்கே தெரியும். சிரம்பானில் ஒரு கடையில் விசாரித்துவிட்டு, விலையைக் கேட்டதும் குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லி வெளியே வந்திருந்தேன். என்னிடம் இருந்தது ஒரு ஜோடிப் பழைய தோடும், ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சேர்த்த சில்லறையும்தான். அதைக் கொண்டு லுக்குட்டில் ஒரு பத்தரிடம் போனேன். அவர் இரண்டு மோதிரங்களை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தார்.

"ரெண்டும் உங்க கைக்கு அடங்குற விலைதான், கிராணியம்மா. இது ரொம்பப் பழசு. நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி வந்த உருப்படி. இன்னொண்ணு ஒருத்தர் போட்டுக் கழட்டுனது."

பழைய மோதிரம் அழகாக இருந்தது. இரு பக்கமும் கொடி வேலை, நடுவில் மயில் கழுத்து நிறத்தில் கல். ஆனால் அடியில் பொன் தகடு வைத்து மூடியிருந்தது. கல் சதையில் படவேண்டும் என்று மாமியார் எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"அடியத் தொறந்து குடுக்கலாம். ஆனா அந்தக் காலத்துல கல்லுக்குப் பின்னாடி வர்ணத் தாளு வச்சுத்தான் கட்டுவாங்க. தொறந்தா கல்லு வெளுத்தாலும் வெளுக்கும். வாங்குன பிறகுதான் தொறப்பேன்."

"இது யார் போட்டது?"

"சொல்றதுக்கு இப்ப யாரும் உசிரோட இல்ல. அதுவும் ஒரு நல்லதுதானே?"

இன்னொரு மோதிரத்தில் வேலைப்பாடு ஒன்றும் இல்லை. அடி திறந்த கட்டு. கல்லை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மயிரிழை போல ஒரு கீறல். வளையத்தின் உள்பக்கம் தேய்ந்து மழமழவென்று இருந்தது. பல வருஷம் ஒரு விரலில் கிடந்திருக்கிறது.

"இதப் போட்டிருந்தவர் உயிரோட இருக்காரா?"

"நேத்துக்கூட இந்த வழியாத்தான் சைக்கிள்ல போனாரு."

"நல்லா இருக்காரா?"

"இந்தக் காலத்துல யாருலா நல்லா இருக்கா?" என்றார் பத்தர். சொல்லிக்கொண்டே வெல்வெட் துணியை மடிக்கத் தொடங்கினார்.

தோட்டைக் கழற்றி ஈடாக வைத்து, கட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டதற்கு விலை தருவதாகச் சொல்லி இரண்டையும் கொண்டுவந்தேன். ஒன்றையாவது கொண்டுவராமல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

முதலில் பழையதை நீலத் துணியில் முடிந்து என் கணவர் கையில், தோளுக்குக் கீழே கட்டிவிட்டேன். சட்டைக்கு உள்ளே தெரியாது. மூன்று நாளும் நான் எல்லாவற்றையும் கவனித்தேன். பால் திரியவில்லை. குழந்தைக்குச் சளி பிடிக்கவில்லை. நல்லதாகவும் ஒன்றும் நடக்கவில்லை. அடி மூடிய கல்தானே, அது என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது மோதிரம். இந்தத் தடவை நான் ஒரு காரியம் செய்தேன். ஒருவர் போட்ட கல் ஆயிற்றே, இப்போது யாருக்காக வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியவேண்டாமா என்று தோன்றியது. மாமியார் அனுப்பிய ஜாதகக் கட்டத்தை நான்காக மடித்து மோதிரத்தோடு வைத்துத் தைத்தேன். பத்தர் சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தது.

திங்கட்கிழமை காலை, எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் சின்னக் கிராணியின் மனைவி ஓடிவந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள்.

"அக்கா, அண்ணனக் கேட்டுல நிறுத்தி வச்சிருக்காங்க. சோதனை போட்டப்ப கையில என்னமோ கட்டியிருந்தாராம்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு போனேன். வேலி வாசலில், மணல் மூட்டை அடுக்கிய காவல் கொட்டகையில் அவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் என் நீலத் துணி பிரிந்து கிடந்தது. காவலர்கள் மோதிரத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு கட்டம். சிலவற்றில் சூ, செ, ரா என்று ஒற்றை எழுத்து. தோட்டத்தின் வரைபடம், காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போகிற ரகசியச் செய்தி என்று நினைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கிச் சொன்னேன். சனி என்பதற்கு எனக்கு மலாய் வார்த்தை தெரியவில்லை.

லாரி அதற்குள் புறப்படவேண்டும். பால் காத்திருக்காது. அவருக்குப் பதிலாகச் சின்னக் கிராணி ஏறிக்கொண்டார். "அண்ணே, ஜாதகத்த அவங்களுக்கும் பாத்துச் சொல்லிட்டு மெதுவா வாங்க" என்று லாரியிலிருந்து கேலி செய்துவிட்டுப் போனார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை லுக்குட்டிலிருந்து வரவழைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் தாளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "எட்டுல சனி இருக்கு. பாவம், விட்டுடுங்க" என்று சொல்லி அதையே மலாயில் சொன்னார். காவலர்களும் சிரித்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனபோது, "போதுமா உனக்கு?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் லாரி வந்தது. கண்ணாடி உடைந்திருந்தது. மேல் டிவிஷனுக்கு முந்திய வளைவில் காட்டிலிருந்து சுட்டிருக்கிறார்கள். சின்னக் கிராணிக்குத் தொடையில் குண்டு. பால் வாளிகளுக்கு நடுவே படுக்க வைத்திருந்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு லாரியை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். அது ஏன் என்று தெரியவில்லை, ஆனால் அவள் நடந்ததுதான் எனக்கு அடிக்கடி கண்முன் வருகிறது.

சின்னக் கிராணி பிழைத்துக்கொண்டார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம் வீடு வந்தார். கால் இன்னும் நேராகவில்லை.

சுட்ட அன்று சாயங்காலமே லயத்தில் எல்லாரும் கல்லின் மகிமையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கல் வழிமறித்துக் காப்பாற்றியது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றும் சொல்லமுடியவில்லை. ஒரு மனிதனைச் சட்டையைக் கழற்றி எல்லார் முன்னும் உட்காரவைத்தது நல்ல கல்லா? இன்னொருவர் காலை வாங்கிக்கொண்டது நல்ல கல்லா? அந்தத் தாளை வைத்துத் தைத்தது நான். நான் தைக்காமல் இருந்திருந்தால் அந்த லாரியில் யார் இருந்திருப்பார்?

சனியைக் கேலி செய்த என் கணவர் இப்போது காலையில் புறப்படும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கல்லு எங்க?" என்று கேட்கிறார். எடுத்துக் கொடுக்கிறேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். விரலில் போடச் சொன்னால், வேண்டாம் என்கிறார்.

நேற்று சின்னக் கிராணியின் மனைவி வந்தாள். என் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வேறு என்னவோ பேசினாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, கால் சரியானதும் இவரும் அந்த வழியாத்தான் போகணும். நீங்க அந்தப் பழைய மோதிரத்த எடுத்துக்குங்க. அன்னைக்கு அண்ணன் கட்டியிருந்த கல்ல எங்களுக்கு விட்டுக் குடுங்க. நானே பத்தர்கிட்ட போய்ப் பணம் குடுத்து வாங்கிக்கறேன். நான் வேற எதுவும் கேக்கல."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லைதான். உன் புருஷனுக்குப் பதிலாகத்தானே என் புருஷன் போனார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், உடனே கொடுத்திருப்பேன், அல்லது சண்டை போட்டிருப்பேன். என் கணவரிடம் சொன்னேன். "உனக்கு எது சரின்னு படுதோ" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கொடுத்துவிட்டால், நாளைக்கு இவர் சட்டைப் பை வெறுமையாக லாரியில் ஏறுவார். கொடுக்காவிட்டால், காயம் பட்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்பியவள் ஆவேன். அது கெட்ட கல்லாக இருந்தால், தெரிந்தே அவள் தலையில் கட்டியவளும் நானே ஆவேன்.

பத்தர் வருகிற சனிக்கிழமை வரைதான் தவணை கொடுத்திருக்கிறார். இதைப் படிக்கும் சகோதரிகளில் யாராவது நீலம் போட்டுப் பார்த்திருந்தால், அல்லது போடாமலே இப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்திருந்தால், நான் எந்த மோதிரத்தை வைத்துக்கொண்டு எதைக் கொடுக்கவேண்டும் என்று எழுதுங்கள். இரண்டையும் பத்தரிடமே திருப்பிக் கொடுத்துவிடு என்று தோன்றினாலும் எழுதுங்கள். அப்படியானால் அவளுக்கு நான் என்ன சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.