தூளி ஆட்டிய கையின் நடை

ஒரு நாளில் நான் எவ்வளவு நடக்கிறேன்? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் ஒன்று சொல்கிறது, கால்கள் வேறொன்று சொல்கின்றன.

குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகு போய்விடும் என்றார்கள். போகவில்லை. "தினமும் நடங்க. அடுத்த முறை வரும்போது குறையலைன்னா மாத்திரைதான்" என்று மீஞ்சூர் மருத்துவர் சொன்னபோது என் அப்பா, என் நைனாதான் நினைவுக்கு வந்தார். சர்க்கரையால் ஒரு பாதத்தை எடுத்த பிறகு அவர் மீன்பிடிக்கப் படகேறவே இல்லை. அவருக்கும் ஒரே ஒரு மாத்திரையில்தான் ஆரம்பித்தது. மாத்திரையால் கால் போகவில்லை என்பது எனக்குத் தெரியும், படித்தவள்தானே. தெரிந்தும் பயம் போகவில்லை.

பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஒரு பெண் சும்மா நடக்க முடியாது. கூடையோ குடமோ பையோ கையில் இருக்க வேண்டும். முதல் நாள் மாலை, குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வேகமாக நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எங்கம்மா இவ்ளோ வேகமா?" என்றார். "சும்மாதான் மாமா" என்றேன். தெருமுனை தாண்டுவதற்குள், காட்டுப்பள்ளியில் வேலையில் இருந்த என் கணவருக்குத் தகவல் போய், அவர் பதறிப்போய் என்னைப் போனில் அழைத்தார்.

"இன்னா ஆச்சு? எங்கம்மா எதுனா சொல்லிச்சா? கோச்சிக்கினு உங்கம்மா ஊட்டுக்குப் போறியாமே?"

திரும்பி வந்தால் மாமியார் வாசலிலேயே நின்றார். "நான் உன்ன இன்னா பண்ணேன்? கொயந்தைய உட்டுட்டுப் போறான்னு தெருவே கேக்குது!"

"சக்கரைக்கு நடந்தேன் அத்தே."

"சக்கரைக்குப் போறவ ஒரு காலிக் கூடையாச்சும் தூக்கினு போவக் கூடாதா?"

அதன் பிறகுதான் பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்த சின்ன ஜிம்மில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் என்னைச் சேர்த்தார் கணவர். நடையை எண்ணும் இந்தக் கடிகாரமும் அவர் வாங்கித் தந்ததுதான். நான் நடப்பது அவர் போனிலும் தெரியும்.

டிரெட்மில்லில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். வேர்வை சொட்டச் சொட்ட நடந்துவிட்டுப் பார்த்தால், கடிகாரத்தில் ஏறியது வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்த அளவுகூட இல்லை.

"கம்பிய உடுங்கக்கா" என்றாள் பயிற்சி தரும் பெண். "கை வீசினாத்தான் நடக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியும்."

விட்டுப் பார்த்தேன். தரை காலை இழுத்தது. பிரசவ ஆபரேஷன் தையல் பிரிந்துவிடும் போலிருந்தது. மறுபடி பிடித்துக்கொண்டேன். சைக்கிளில் முட்டி வலிக்க மிதித்தேன். அது நடையே இல்லை என்பதுபோல் கடிகாரம் சும்மா இருந்தது. கணுக்காலில் கட்டச் சொன்னாள். வீங்கியிருந்த காலுக்குப் பட்டை எட்டவில்லை.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அன்று நான் வாசல்கூடத் தாண்டவில்லை. பகல் முழுவதும் தூளிப் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரம் கட்டிய கையாலேயே ஆட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் குழந்தை அழுதது. மாலையில் கடிகாரம் அதிர்ந்தது. திரையில் வாணவேடிக்கை. இன்றைய நடை முடிந்துவிட்டதாம்.

உடனே கணவர் போனில் பேசினார். "சூப்பரு! பின்னிட்ட போ!"

"நடக்கலைங்க. தூளி ஆட்டினேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ஜிம்மு இன்னாத்துக்கு? இன்னோண்ணு பெத்துக்கலாம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு தூளி ஆட்டும்போது கழற்றி வைக்கப் பார்த்தேன். குழந்தை வீறிடும்போது அது எங்கே ஞாபகம் இருக்கிறது? கழற்றினால் திரும்பக் கட்ட மறந்தேன். நடந்தது ஏறாமலும் நடக்காதது ஏறியும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

மருத்துவரிடம் போன அன்று, கணவர் பெருமையாகத் தன் போனை நீட்டினார். மருத்துவர் அதைப் பார்த்தார், என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"இவ்ளோ நடந்தும் குறையலையேம்மா. உங்களுக்கு நடை மட்டும் பத்தாது."

"டாக்டர், அதுல பாதி தூளி ஆட்டினது."

"அப்ப நீங்க நடக்கலையா?"

"நடந்தேன். அது இதுல ஏறல."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். மாத்திரை எழுதியாயிற்று.

அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. போடு என்கிறார் கணவர். பால் வற்றிப்போகும் என்கிறார் மாமியார். அதைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா என்று நான் மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உண்மையாகவே நடந்தும் குறையவில்லை என்றால், எனக்கு வாய்த்திருப்பது என் நைனாவின் உடம்புதான். போதுமான அளவு நடக்கவே இல்லை என்றால், நடந்து பார்க்க இனி எனக்கு யார் அவகாசம் தருவார்கள்? குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறாள். அவள் பின்னால் ஓட எனக்குக் கால் வேண்டும்.

பிரசவத்துக்குப் பின்னும் சர்க்கரை போகாத தாய்மார்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். அந்த போனை ஒதுக்கிவிட்டு என்னை மறுபடி பாருங்கள் என்று ஒரு மருத்துவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கும்வரை அந்த மாத்திரையை நான் போடலாமா, காத்திருக்கலாமா?