ஆப் கேட்ட ஜாகா

குருபோங் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருந்து என் லாரியை நிறுத்திய ஜாகாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நம் கைப்பேசியை மூக்கருகே வைத்துப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

நுழைவு அனுமதியைத் தொழிற்சாலையின் இணையப் பக்கத்திலேயே காட்டினேன்.

"இது வெப்சைட் தம்பி. ஆப்ல காட்டு."

"போன்ல இடமில்லண்ணே. ரெண்டும் ஒன்னுதானே?"

"ஏதாச்சும் அழிச்சிட்டு ஏத்துலா. பின்னால லாரி நிக்குது."

பெரிதாக இருந்தது, மகள் முதன்முதலாக நடந்த வீடியோதான். அழித்தேன். ஆப்பைத் திறந்தால் அதே பக்கம், அதே பச்சைப் பொத்தான்.

"ஹா, இதுதான்" என்று திருப்தியாகத் தடுப்பைத் தூக்கினார்.

அதில் புதிதாக என்னத்தைக் கண்டாரோ! மகள் இப்போது ஓடுகிறாள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடிக்கிறேன்.