ரேகை பதிய வேண்டும்

முதல் பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் மகளும் அப்படி வருவதாகத்தான் இருந்தது. அவள் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. ஏழாம் மாதம் புறப்பட டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டது. விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடியோவில் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. முகம் மட்டும் நீர் கோத்து வீங்கியிருந்தது.

"நீ வந்திருவியாம்மா?" என்று கேட்டாள்.

"வருவேன் மக்கா" என்று நானும் சொல்லிவிட்டேன். அதுவரை நான் திருவனந்தபுரம் தாண்டிப் போனதில்லை.

பாஸ்போர்ட் கையில் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் அண்டி ஆபீஸ் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, மகள் வற்புறுத்தி எடுக்க வைத்தது. அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப் பருப்பு ஆலை. எங்கள் ஊர் கருங்கல் பக்கம் அங்கே வேலைக்குப் போகாத பெண்கள் உள்ள வீடு குறைவு. வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்போம். சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் எங்கள் விரல் என்ன ஆனது என்று யாரும் பார்த்ததில்லை.

விசாவுக்கு வேண்டிய தாள்களை எல்லாம் கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் கடையில் சேர்த்துக் கொடுத்தார்கள். மருமகன் அனுப்பிய அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, வீட்டுத் தீர்வை ரசீது, கல்யாணப் படம் எல்லாம் அதில் இருந்தன. ஆறு மாசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று விசா கொடுக்கிறவர்கள் நம்ப வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் என்று கடைக்காரர் சொன்னார். கடைசியாக எறணாகுளம் போய் விரல் ரேகை கொடுக்க வேண்டும், அது பெரிய காரியமே இல்லை என்றும் சொன்னார். என் கையை அவர் பார்க்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ரேஷன் கடை மிஷினில் என் விரல் ஒருநாளும் விழுந்ததில்லை. மிஷின்தான் கேடு என்று நினைத்து வீட்டுக்காரரை அனுப்பிக்கொண்டிருந்தேன். போகிற நாளுக்கு முந்தின நாள் வரை ஆபீசில் அண்டி உடைத்தேன்.

எறணாகுளத்தில் குளிரூட்டிய அறை. கண்ணாடிப் பெட்டி ஒன்றில் விரல்களை வைக்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை மலையாளத்தில் தன்மையாகப் பேசியது. கையைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னது. அப்புறம் அழுத்தி வைக்கச் சொன்னது. என் விரல் மேல் தன் விரலை வைத்து அதுவே அமுக்கியும் பார்த்தது. திரையில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கறுப்பாக மை சிந்தினது போல் வந்ததே தவிர ஒரு கோடு இல்லை. உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தது. அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தீப்புண்ணா என்று கேட்டார். வேலையைச் சொன்னேன். தோல் வளர்ந்த பிறகு வரச் சொன்னார்.

மகளுக்கு நாள் நெருங்குகிறது, எப்போது வளரும் என்று கேட்டேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரத்துக்குள் மறுபடி வர நேரம் போட்டுக் கொடுத்தார்.

கூட வந்திருந்த வீட்டுக்காரரோடு ரயிலில் திரும்பினேன். பாறசாலை தாண்டியதும், "நாளைல இருந்து நீ அங்கோட்டு போகாண்டாம்" என்றார். போகவில்லை. பாஸ்போர்ட் எடுக்கிற காலத்தில் ஆபீஸ் மூடிக் கிடந்ததால்தான் ரேகை விழுந்தது என்பது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. கையைச் சும்மா விட்டால் வளரும். ஆனால் கையைச் சும்மா விட எனக்குத் தெரியாது. பாத்திரம் அவர் கழுவினார். தேங்காய் அவர் துருவினார். நான் விரலில் வெளிச்செண்ணெய், அதாவது தேங்காய் எண்ணெய், தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் வந்ததும் முற்றத்தில் நின்று விரலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். ஒருநாள் கோடு தெரிவது போல் இருக்கும். மறுநாள் அது வெறும் வெடிப்பாக இருக்கும்.

இதற்கிடையில் ஒரு நேர்ச்சை குறுக்கே வந்தது. நாங்கள் அய்யாவைக் கும்பிடுகிற அய்யா வழிக்காரர்கள். மகளுக்கு அழுத்தம் கூடிய அன்றே நாங்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலில் போய் நின்று, பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது அய்யா, அடுத்த உம்பான் சோற்றுக்குக் காய் முழுக்க என் கையாலேயே வெட்டித் தருகிறேன் என்று வேண்டியிருந்தேன். அரிசியும் பருப்பும் காய்களும் ஒன்றாக வெந்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் கொடுக்கிற சோறு அது. அந்த ஞாயிறு, எறணாகுளம் மறுபடி போக இருந்த நாளுக்கு முன்னால் வந்தது. காய் என்றால் வாழைக்காய் மூட்டை, சேனை, சக்கை என்கிற பலா. வாழைக்காய்ப் பால் பட்டாலே கை கறுக்கும். சக்கைப் பசையும் சேனையும் சேர்ந்தால் வளர்ந்த தோலும் போய்விடும்.

வீட்டுக்காரர் போக வேண்டாம் என்றார். திரும்பி வந்து செய்யலாம், அய்யா கோபிக்க மாட்டார் என்றார். அவர் சொன்னது நியாயந்தான். ஆனால் பிள்ளைக்காகச் சொன்ன சொல்லைப் பிள்ளை பிறக்கும் முன்பே தள்ளிப்போட எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? அதேபோல், வெட்டப் போய் ரேகை விழாமல் அவள் அங்கே தனியாகக் கிடந்தாலும் யாரிடம் சொல்வது? இரண்டு இரவு உறங்கவில்லை.

ஞாயிறு காலை போனேன். என்னோடு ஆபீசில் அண்டி உடைக்கிறவள் ஒருத்தி அங்கே காய் கழுவிக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், அரிசி வந்த பாலித்தீன் உறைகளைக் கிழித்து, என் விரல் ஒவ்வொன்றிலும் சுற்றி நூல் போட்டுக் கட்டினாள். பத்து விரலும் பத்துப் பொட்டலமாக நின்றன. சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"லண்டன் போறவளுக்க வெரலப் பாருங்கட்டி. பெட்டியில வச்சு அனுப்பலாம்" என்றாள் ஒருத்தி.

"நீ சிரிக்காண்டாம். நாளைக்கு ஒனக்க மகளும் அங்கதான் போவா. ஆபீசுக்கு இப்பமே உறை கெட்டிட்டு வா" என்றாள் இவள்.

உறை வழுக்கியது. கத்தி பிடிக்க வரவில்லை. ஒரு சக்கையைப் பிளக்கும்போது இடது பெருவிரல் உறை கிழிந்து பசை உள்ளே போய்விட்டது. அவள் உறையைப் பறித்துவிட்டு எண்ணெய் தேய்த்துத் துடைத்து வேறு கட்டினாள். மூட்டை முடியும் வரை அந்தப் பெருவிரலை மடக்கியே வைத்திருந்தேன். முடித்ததும் பொட்டலத்தோடேயே போய் உள்ளே சிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் கண்ணாடி முன் நின்றேன். கும்பிட விரல் சேரவில்லை. இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் அய்யா என்றேன்.

இரண்டாம் முறை எறணாகுளத்தில் அதே பிள்ளைதான் இருந்தது. என்னை மறக்கவில்லை. வலது கை ரேகை மெதுவாக விழுந்தது. இடது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் விழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, நிறைய நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. இது போதுமா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுமோ என்று. கடைசியில் இவ்வளவுதான் எடுக்க முடிந்தது என்று எழுதி அனுப்புவதாகவும், விசா தருவதும் தராததும் மேலே உள்ளவர்கள் கையில் என்றும் சொன்னது.

பிறகு காத்திருப்பு. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அழுத்தம் இறங்கவில்லை. அவள் வேலை பார்த்த வார்டிலேயே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். விசா வந்ததா என்று கேட்பதை ஒருநாள் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விசா பதிந்த பாஸ்போர்ட் வந்த அன்றே டிக்கெட் போட்டார்கள்.

அங்கே இறங்கியதும் மறுபடி கண்ணாடிப் பெட்டி. யாரும் எனக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை. வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரி என்னவோ கேட்டார். "மை டாட்டர். பேபி. ஹாஸ்பிடல்" என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார். என்னோடு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். போன் அங்கே வேலை செய்யவில்லை. பிள்ளை பிறந்துவிட்டதா, மகள் இருக்கிறாளா, என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்களா, ஒன்றும் தெரியாது. அய்யாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண் அதிகாரி வந்து என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலை இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். விளக்கு என்ன நிறம் எரிந்தது என்று நான் பார்க்கவில்லை. முத்திரை விழுகிற சத்தம் கேட்டது.

வெளியே குலசேகரத்துக்காரரான ஒரு தம்பி காரோடு நின்றார், மருமகனின் நண்பர். "இன்னும் ஆகல்ல சேச்சி, ஆப்பரேஷனுக்கு எடுக்கப் போறாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை விரட்டினார்.

மருமகன் ஆப்பரேஷன் அறை வாசலில் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டு நின்றார். உள்ளே கூட ஒருவர்தான் நிற்கலாமாம். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க போங்க அத்தை. நேத்துல இருந்து உங்களத்தான் கேட்டுட்டு இருக்கா."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குள் அங்கிருந்த நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியை என் தலையில் மாட்டிவிட்டார்.

உள்ளே ஒரே வெளிச்சம். மகளின் நெஞ்சுக்கு மேல் ஒரு துணித் தடுப்பு. என்னை அவள் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டியாம்மா? எனக்கு ரொம்பப் பேடியா இருக்கு."

"பயப்படாத மக்கா, நான் இருக்கேன்" என்றேன். அவள் நெற்றியில் கையை வைத்தேன். வியர்வை குளிர்ந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வேகமாக இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு பேச்சு நின்றது. எதையோ தூக்கிக்கொண்டு ஒருத்தி மூலைக்கு ஓடினாள்.

"ஏன் அழல்ல? பிள்ள ஏன் அழல்ல?" என்று கேட்டேன்.

"மிண்டாத இரும்மா, கேக்கணும்" என்றாள் மகள். அவள் கண் என்னிடம் இல்லை. காதை அந்த மூலைக்குக் கொடுத்திருந்தாள். இந்த அறையின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரியும். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு இருமல் போல வந்தது. பிறகு நீளமாக ஒரு அழுகை.

அவள் முகம் தளர்ந்தது.

"கேட்டியாம்மா?" என்றாள்.

கேட்டேன்.